அக்கா உயர மெழுகுவர்த்தியும் ஒரு கறுப்புக் குழாயும்

படம் வரைகிற உத்தியோகத்தில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. காகிதத்தில் எதைப் போட்டாலும் அது நிற்கும். பாலம் போட்டால் பாலம் நிற்கும், தண்ணீர்த் தொட்டி போட்டால் ஒரு சொட்டு ஒழுகாது. காகிதத்தில் மழை பெய்யாது, வெயில் அடிக்காது, யாரும் குறுக்கே வரமாட்டார்கள். இதெல்லாம் நம்முடைய சாமர்த்தியத்தால்தான் நிற்கிறது என்று இருபத்து நாலு வயதில் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அப்போது நான் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மேன். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய்வருவேன். வேலை என்னவோ போல்ட், நட்டு என்று சில்லறைப் படங்கள்தான். மனசுக்குள் மட்டும் நான் ஒரு சைக்கிள் நிபுணன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் மூட்டை முடிச்சுகளோடு சைக்கிளில் பாலைவனத்தைக் கடக்கும் படத்தைப் பழைய பத்திரிகை ஒன்றில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. நம் ஊர் சைக்கிள் ஆபீசுக்குப் போகவும் பால் கேன் மாட்டவும்தான் லாயக்கு, சுமையோடு நெடுந்தூரம் போக வேண்டுமானால் அதை அடியிலிருந்து மாற்றி வடிவமைக்க வேண்டும் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். (கேட்காதவர்கள்தான் அதிகம்.) அப்படி ஒரு வண்டியைச் செய்வதற்குக் காரணம்தான் அகப்படவில்லை. அதை அம்மா கொடுத்தாள்.

இங்கே லில்லி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என் ஒரே அக்கா. ஐந்தடி எட்டு அங்குலம். அந்தக் காலத்தில் ஒரு பெண் அந்த உயரத்துக்கு வளர்வது குடும்பத்தைக் கலந்து பேசாமல் செய்த காரியமாகவே கருதப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் உட்கார்ந்திருக்கும்வரை சந்தோஷமாகக் காபி குடித்தார்கள், அவள் எழுந்து நின்றதும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். கடைசியாக வந்த அத்தான் அவள் காது உயரம்தான் இருந்தார். "பரண் மேல இருக்கறதை எடுக்க எங்க வீட்ல ஆளே இல்லைங்க" என்று சொல்லி அங்கேயே சம்மதம் தெரிவித்தார். நல்ல மனிதர். வேலை நாக்பூரில்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா தாம்பரத்துக்கு வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது வலி கண்டது, கூடவே ஜன்னியும் கண்டது. இரண்டு உயிரில் ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவுக்குக் கையைப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், ஆனால் அந்த நேரத்தில் நான் ஆள் கணக்கில் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படியே முழங்காலில் விழுந்தாள்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. ஆரோக்கியமேரி என்று பேர் வைத்தோம். ஞானஸ்நானம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா வேண்டுதலைப் பற்றி வாய் திறந்தாள்.

"லில்லி உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குள்ள நீ கொண்டுபோய் வைக்கணும். ரயில், பஸ் எதுலயும் ஏறக் கூடாது."

"நான் எப்பம்மா கொண்டுபோறேன்னு சொன்னேன்?"

"நீ சொல்லல. நான் சொன்னேன்." அம்மா குழந்தையைத் தட்டிக்கொண்டே தொடர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு சேவியர். மெழுகுவர்த்தி முறியாமப் போகணும். அது முறிஞ்சா வேண்டுதலும் முறிஞ்சாப்பலதான். எனக்கு அப்புறம் நிம்மதியே இருக்காது."

வேறு யாராக இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு மெழுகுவர்த்தியைத் தோளில் வைத்து நடந்திருப்பார்கள். சென்னையிலிருந்து அப்படி நடந்து போகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கோ அம்மா பேசியதில் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் தங்கியது. முறியாமல். ஆபீசில் எங்களுக்குக் கொடுக்கிற உத்தரவு மாதிரியே இருந்தது. அன்றைக்கே பென்சிலைச் சீவினேன்.

அந்த வண்டியை இப்போது நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. இரண்டு பழைய சைக்கிள்களை அறுத்து ஒன்றாக்கியது அது. பின்பக்கம் நீளம் அதிகம், அப்போதுதான் மூட்டை குதிகாலில் இடிக்காது. மேல்பார் இரட்டை. முன்சக்கரத்தின் இரு பக்கமும் தாழ்வாகப் பை மாட்டக் கம்பிகள். ஸ்டவ்வுக்கு ஓர் இடம், தண்ணீர் கேனுக்கு ஓர் இடம், நான் படுத்துத் தூங்கினால்கூட அதற்கும் ஓர் இடம் இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மெழுகுவர்த்திக் குழாய். தகரத்தில் செய்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே தொடங்கி, மேல்பாரை ஒட்டி, ஸீட்டுக்கு அடியில் நுழைந்து, கேரியருக்குக் கீழாகப் பின்சக்கரத்துக்கு மேலே போய் முடியும். உள்ளே பஞ்சு மெத்தை, வெளியே ஸ்கூட்டர் ஸீட்டிலிருந்து எடுத்த ஸ்பிரிங்குகள். வண்டி பள்ளத்தில் விழுந்தாலும் மெழுகுவர்த்திக்குத் தெரியக் கூடாது. மழைத் தண்ணீர் புகுந்துவிட்டால் தேங்கக் கூடாதே என்று குழாயைப் பின்பக்கம் சரிவாக வைத்து, கீழ் முனையில் வரிசையாக ஓட்டைகளும் போடச் சொன்னேன். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

வெல்டிங் வேலை குரோம்பேட்டையில் தனகோடியின் கடையில் நடந்தது. தனகோடி என்னைவிடப் பெரிய உற்சாகி. நான் ஒரு ஸ்பிரிங் போட்டால் அவன் இரண்டு போடுவான். நான் வரைபடத்தில் குழாய்க்கு வெள்ளிப் பெயிண்ட் என்று எழுதியிருந்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"சில்வர் அடிச்சா பால் கேன் மாரி கீது சார். கறுப்பு அடிப்போம். தூரத்துலேர்ந்து பாத்தா சோக்கா இருக்கும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. பளபளவென்று கறுப்பு எனாமல், இரண்டு கோட்டு. நான் மூன்றாவது கோட்டும் அடிக்கச் சொன்னேன்.

இதற்குள் தவக்காலம் போய், ஈஸ்டர் போய், மே மாதமும் போய்விட்டது. வேண்டுதல் முடியாமல் அக்காவை நாக்பூருக்கு அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. தினமும் சாப்பாட்டோடு சேர்த்து, எப்போது கிளம்புகிறாய் என்ற கேள்வியையும் பரிமாறுவாள். மாதா காத்திருப்பாள் அம்மா, அவசரத்தில் செய்தால் முறிந்துவிடும் என்பேன். முறியும் என்று சொன்னால் போதும், அம்மா அடங்கிவிடுவாள்.

சோதனை ஓட்டம் வைக்காமல் கிளம்புகிற ஆள் நான் இல்லை. படப்பைவரை போய்வந்தேன். அசல் மெழுகுவர்த்தியை வைத்துச் சோதிக்க மனம் வருமா? அதே நீளம், அதே கனத்தில் ஒரு சவுக்குக் கட்டையை வாங்கிக் குழாய்க்குள் வைத்தேன். முடிச்சூர் சாலையின் குழிகளை ஒன்று விடாமல் தேடித் தேடி இறங்கினேன். திரும்பி வந்து, அம்மா, அக்கா முன்னிலையில் குழாயைத் திறந்து கட்டையை வெளியே இழுத்தேன். ஒரு கீறல் இல்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

(சவுக்குக் கட்டை உருகாது என்பது உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.)

ஆகஸ்டு கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வழியனுப்பு. என் திட்டப்படி விடியலிலேயே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் ஃபாதர் வண்டியை மந்திரிக்க வேண்டுமே. மந்திரித்த பிறகு நான் வண்டியின் சிறப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். என்னிடம் இரண்டு வார்த்தை என்றால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. முன் பையில் தொடங்கிப் பின் பிரேக்கில் முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மெழுகுவர்த்தியை எல்லோரும் தொட்டு முத்தமிட்ட பிறகு குழாய்க்குள் இறக்கி மூடினேன்.

அப்போதுதான் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் ஒரு பெரிய ஜமுக்காளச் சுருட்டலோடு வந்தாள்.

"இதையும் வெச்சுக்கடா. ராத்திரி தரையில படுக்காத."

"அக்கா, ஒவ்வொண்ணுக்கும் இடம் அளந்து வெச்சிருக்கேன். இதுக்குப் படத்துல இடமே இல்ல."

"படத்துல இல்லன்னா என்ன, கேரியர்ல இருக்கே." சொல்லிவிட்டு அவளே கேரியர்மேல் வைத்துக் கயிற்றால் கட்டினாள். குழாயின் பின்பாதி அதற்கடியில் மறைந்துபோனது. பளபளக்கும் கறுப்பில் பாதியை மூடிவிட்டாளே என்று எனக்கு முகம் சுருங்கியது. குழந்தை என் காதைப் பிடித்து இழுத்தது. கிளம்பிவிட்டேன்.

ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர்வரை ராஜா மாதிரி போனேன். டீக்கடைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வண்டலூரை நெருங்கும்போது இரண்டு அதிசயங்கள் நடந்தன. முதலாவது, கோயில் பீடத்தருகே வருமே, அந்த மெழுகு வாசனை என்னைச் சுற்றி வீசத் தொடங்கியது. நடுரோட்டில், கொளுத்துகிற வெயிலில். மாதாவே என்னோடு வருகிறாள் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வலது கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டேன். இரண்டாவது, மிதிக்க மிதிக்கச் செயின் வழுவழுவென்று சத்தமில்லாமல் ஓடியது. இவ்வளவு சுமையிலும் இப்படி ஓடுகிறதே, இது என் வடிவமைப்பின் மகிமை என்று தீர்மானித்தேன். ஒரு அதிசயத்தை மாதாவுக்குக் கொடுத்தேன், மற்றதை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். தாம்பரத்திலிருந்து எனக்குப் பின்னால் ரோட்டில் வெள்ளைக் கோடு ஒன்று சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கத்துக்கு முன்னால் ஓர் இறக்கம். கீழே, தலையில் கூடையோடு ஒரு மீன்காரப் பெண் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். மணி அடித்தேன். பின் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் கட்டை சக்கரத்தை வெண்ணெயைத் தடவுகிற மாதிரி தடவியது. அவ்வளவு சுமையோடு முன் பிரேக்கைத் தனியாகப் பிடித்தால் குட்டிக்கரணம்தான். அதை நானே தெருவில் பலருக்கு விளக்கியிருக்கிறேன். எனவே பிடிக்கவில்லை. அந்த அம்மாள் ஒரே தாவலில் ஒதுங்கினாள். நான் ரோட்டைவிட்டு இறங்கி, ஒரு வரப்பில் ஏறி, இரண்டு பக்கமும் பைகள் விரிய, ஏரிக்குள் போய் உட்கார்ந்தேன். இடுப்பளவு தண்ணீர்.

"யோவ், கண்ணு தெரில?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தவள், என் நிலையைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள். "அடி எதுனா பட்ச்சா?"

"இல்லம்மா."

"இன்னாயா வண்டி இது, இம்மா நீட்டு கீது? அது இன்னா, பீரங்கியா?"

"வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோறேன். அது உள்ள பத்திரமா இருக்கு. முறியாது."

இரண்டு பேருமாக வண்டியைக் கரைக்கு இழுத்தோம். குழாயின் முன்மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தேன். மெழுகுவர்த்தியைக் காணவில்லை. திரி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியாகக் கனமாக ஏதோ வந்தது. அக்காவின் உயரத்தில் பாதிகூட இல்லை. மேல்முனை கரைந்து கூம்பியிருந்தது. மீதியெல்லாம் நான் மழைக்காகப் போட்ட ஓட்டைகள் வழியே, நான் கொடுத்த சரிவில் இறங்கி, என் செயினிலும் சக்கரத்திலும் ரோட்டிலும் போயிருந்தது. எது எங்கே போக வேண்டுமென்று வரைந்திருந்தேனோ அப்படியே போயிருந்தது.

அம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகம். ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதேன். தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன், மீசை வைத்தவன் என்றெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகமில்லை.

மீன்காரப் பெண்ணின் பேர் கன்னியம்மா, கோவளம் பக்கம். என்ன ஏது என்று கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டம் சிரித்துத் தீர்த்தாள். பிறகு கூடைமேல் போட்டிருந்த ஈரச்சாக்கை உருவினாள்.

"இத்த சுத்தி எட்த்துகினு வூட்டுக்குப் போ. இன்னாத்துக்கு அயுவுற? வேணும்னா செஞ்ச? அந்தத் தாயாண்ட போம்போது எனுக்கும் சேத்து சொல்லு. கன்னியம்மான்னு சொன்னா அதுக்குத் தெரியும்."

அன்றைக்கு விற்க வேண்டிய மீன்மேல் வெயில் படுகிறதே என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த செடியை ஒடித்துக் கூடையை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவளை நான் மறுபடி பார்க்கவில்லை. ஆனால் நினைக்காத வருஷம் கிடையாது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு தாம்பரம் வந்து சேர்ந்தேன். காலையில் மாலை போட்டவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். ரோட்டில் கிடந்த வெள்ளைக் கோடு எனக்கு முன்பே செய்தியைச் சொல்லியிருந்தது. கோயிலடியில் தொடங்கும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பெருங்களத்தூர்வரை யாரோ போய் வந்திருந்தார்களாம்.

கூடத்துப் பாயில் சாக்கைப் பிரித்து வைத்தேன். அம்மா பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன், திட்டியிருக்கலாம். சுவரோடு சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தாள். "பாதியிலயே போயிடுச்சே" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி, பாயில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் நீட்டிப் படுக்கவைத்தாள். எட்டு மாதக் குழந்தை. தலை ஒரு முனையில், குதிகால் மறு முனையில். விரல்கடை வித்தியாசம் இல்லை.

"பாருங்கம்மா. மேரி உயரத்துக்குச் சரியா இருக்கு."

"நான் உன் உயரம்னுதானே வேண்டிக்கிட்டேன்."

"ரெண்டு பேரையும்தானே மாதா காப்பாத்திக் குடுத்தாங்க? என் உயரத்தை வழியிலயே வாங்கிக்கிட்டாங்க. இவ உயரத்தைக் கோயில்ல வாங்கிக்கறாங்க." அக்கா மெழுகுவர்த்தியைத் தூக்கி இந்த முனையும் அந்த முனையும் தட்டிப் பார்த்தாள். "நீங்க முறியக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? முறியலயே. உருகித்தானே இருக்கு."

மேரி கையை நீட்டி மெழுகுவர்த்தியை வாயில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். மீன் வாசனை வந்ததும் முகத்தைச் சுளித்துத் தும்மினாள். அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து, எந்தப் பாதி எப்படிப் பிழைத்தது என்று படம் போட்டுப் பார்த்தேன். மிஞ்சியிருந்த பகுதி அத்தனையும் அக்காவின் ஜமுக்காளத்துக்கு அடியில் இருந்த பகுதி. ஸ்பிரிங்கு, பஞ்சு, சரிவு, ஓட்டை என்று நான் மாதக்கணக்கில் யோசித்ததெல்லாம் மெழுகை ரோட்டில் ஊற்றத்தான் உதவின. தம்பிக்கு முதுகு வலிக்குமே என்று அக்கா நினைத்தது மட்டும்தான் மிஞ்சியதைக் காப்பாற்றியது. அவளிடம் போய்ச் சொன்னேன். "அப்ப அதை வரைபடத்துல சேத்துக்க" என்றாள்.

மறுநாள் அந்த ஜமுக்காளத்துக்குள்ளேயே மெழுகுவர்த்தியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன். இந்த முறை வழியனுப்பு இல்லை, பேச்சு இல்லை, விடியலிலேயே கிளம்ப முடிந்தது. அம்மா எவ்வளவு துடைத்தும் மீன் வாசனை போகவில்லை. திண்டிவனம், கடலூர், சிதம்பரம் என்று எந்த ஊரில் இறங்கினாலும் அந்தந்த ஊர்ப் பூனைகள் என்னை வரவேற்றன. வண்டி மட்டும் ஓர் இடத்திலும் மக்கர் பண்ணவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். கன்னியம்மாவுக்கும் சேர்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் எதற்கு விரிவாகத் திட்டம் போட்டாலும், "என்ன கலர் பெயிண்ட் அடிக்கப் போறே?" என்றுதான் முதல் கேள்வி. பிறந்தநாள் கேக் வாங்கினால் மெழுகுவர்த்திப் பொட்டலத்தை என் தலைக்கு மேலாக அடுத்தவர் கைக்குக் கொடுப்பார்கள். குழந்தைகள்கூட, "மாமா, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார்கள். என் கல்யாணத்தில் ஃபாதர் பிரசங்கத்திலேயே இதைச் சொன்னார்.

மேரி வளர்ந்தாள். அக்காவைவிட ஓர் அங்குலம் அதிகமாகவே வளர்ந்தாள். அவளுக்கும் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கியபோது டாக்டர்கள் ஏதோ சிக்கல் என்றார்கள். அக்கா கலங்கிப்போய் எனக்கு போன் செய்தாள். பேச முடியாமல் ரிசீவரை மகளிடமே கொடுத்துவிட்டாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள் மேரி முந்திக்கொண்டாள்.

"மாமா, அம்மா வேண்டிக்கிட்டாங்க. என் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. நீங்கதான் கொண்டுபோகணும்."

"நானா? என்னை நம்பியா?"

"உங்களை நம்பித்தான். அந்தப் பழைய குழாயிலயே வைங்க, எதையும் மாத்தாதீங்க. நல்ல வெயில்ல கிளம்புங்க. போய்ச் சேரும்போது பாப்பா உயரம் மிஞ்சியிருந்தாப் போதும்."

போனை வைத்துவிட்டுக் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனேன். வண்டி இருந்தது, குழாயும் இருந்தது. பெயிண்ட் அங்கங்கே உரிந்து தகரம் தெரிந்தது. பரணிலிருந்து அக்காவின் ஜமுக்காளத்தை இறக்கி உதறி வெயிலில் போட்டேன். பிறகு கடைத்தெருவுக்குப் போய்க் கறுப்பு எனாமல் ஒரு டப்பா வாங்கிவந்தேன்.